வாங்க வந்தவள் புகழ்ந்த மீன்

கிசிவானிக் கடற்கரையில் அயிலை மீன் சாவதை நிறுத்திக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை, காலையில் தோணிகள் தரைதட்டிய கொஞ்ச நேரத்தில். அன்று இருபது மீன் போட்ட குவியல் பதினெட்டு ஷில்லிங்குக்கு ஏலம் போயிற்று. மரவள்ளிக் கட்டு மூன்று ஷில்லிங், எண்ணெய் கிடைத்தவனுக்குக் கிடைத்த விலை. உகாண்டாச் சண்டை முடிந்து இரண்டாம் வருஷம் அது. சோப்புக்கு ஒரு வரிசை, சர்க்கரைக்கு ஒரு வரிசை, என்ன வரப்போகிறது என்று தெரியாமல் முன்ஜாக்கிரதையாக நின்றுவைத்த வரிசைகள் வேறு. மீனுக்கு மட்டும் அந்த ஊரில் எவரும் வரிசையில் நின்றதில்லை. அயிலை யாருக்காகவும் காத்திருக்கிற சரக்கு அல்ல.

கிபுவா என்று அந்தக் கரையில் பேர் சொல்லப்படும் அயிலைக்கு நிற்கத் தெரியாது. முட்டையிலிருந்து வந்த நாள் முதல் வாயை ஆவென்று திறந்துகொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஓடினால்தான் அதற்கு மூச்சு, ஓடினால்தான் சோறு. செவுளுக்குள் இறகு மாதிரி ஒரு சீப்பு வைத்திருக்கிறது. கடலை வாய் வழியே வாங்கி, சீவி, கண்ணுக்குத் தெரியாத பூச்சி பொட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு, தண்ணீரைச் செவுள் வழியே வெளியே அனுப்பிவிடும். கூட்டமாக மேலே வந்தால் வெயில் கொளுத்தும்போதே மழை பெய்கிற சத்தம் கேட்கும். தோணித் தலைவன் நகுதா ஃபாக்கியின் ஆட்கள் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் சுருக்கு வலையை வளைப்பார்கள். வலைக்குள் நெருக்கி நிறுத்தியதும் பாதி செத்துவிடும், கரைக்கு வருவதற்குள் மீதியும். செத்த நிமிஷத்திலிருந்து கெடத் தொடங்கும். நடுப்பகல் தாண்டினால் நாக்கு அரிக்கும். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு கரைப் பூனைகளே யோசித்துத்தான் கிட்டே வரும். ஆகவே கிசிவானியில் அயிலைக்கு விலை வைத்தது ஏலக்காரன் இல்லை, வெயில். காலையில் தோணி தரைதட்டும்போது விலை தென்னை உச்சியில் இருக்கும். வெயில் ஏற ஏற அது மட்டை மட்டையாக இறங்கி வந்து, அஸர் பாங்கு கேட்கும்போது மணலில் கிடக்கும். குனிந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

அப்படிக் குனிந்து எடுத்தே இருபத்திரண்டு வருஷம் பிழைத்தவள் ஸைத்தூனி. கணவன் மொம்பாசா துறைமுகத்துக்கு வேலைக்குப் போனான், அங்கே வேலையோடு இன்னொரு குடும்பமும் கிடைத்ததில் திரும்பவில்லை. கரையோரத்து வாதாமரத்தின் கீழே மீன் பொரித்து விற்கிற ஏழு அடுப்புகளில் கடலைப் பார்த்த அடுப்பு அவளுடையது. அந்த நிழலுக்கு ஒரு சட்டம் உண்டு. எந்த அடுப்பில் மூன்று நாள் மீன் பொரியவில்லையோ, மூன்றாம் நாள் அஸர் பாங்கோடு அந்த இடம் அடுத்துக் காத்திருப்பவளுக்குப் போய்விடும். மரவள்ளி வேகவைத்தால் ஆகாது, மீன்தான் பொரிய வேண்டும். ஸைத்தூனிக்கே அந்த இடம் அப்படித்தான் வந்தது. மகள் பிரசவத்துக்குப் போன ஒருத்தி ஒரு நாள் தாமதமாகத் திரும்பினாள், அவ்வளவுதான். இப்போது காத்திருந்தவள் மனாயிதி. நான்கு வருஷமாக மூன்று அடுப்புக் கற்களோடு நிழலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்திருப்பாள். வாயைத் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. அந்தக் கரைப் பெண்கள் வாயால் சொல்ல முடியாததை உடுத்துகிற காங்காத் துணியில் அச்சடித்த வாக்கியத்தால் சொல்வார்கள். மனாயிதியின் காங்காவில் "பொறுத்தவளுக்கு நிழல்" என்று இருந்தது. அதைப் பார்த்த மறுவாரமே ஸைத்தூனி தாங்கா நகரத்துக்கு ஆள் அனுப்பி "நிழலும் நகரும்" என்று போட்டதை வாங்கிவரச் சொல்லி உடுத்தினாள். அதற்குமேல் இருவருக்கும் நடுவே மனஸ்தாபம் ஒன்றும் இல்லை.

ஏலக்காரன் மக்காமே அவளுக்கு அத்தை மகன், ஆகவே கேலி முறைக்காரன். அந்த மக்களிடம் இந்த முறை லேசுப்பட்டதல்ல. முறைக்காரன் நடுத்தெருவில் உன் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடலாம், உன் கல்யாணத்தில் உன்னைத் திட்டலாம், நீ செத்தால் உன் குழிக்குள் இறங்கிப் படுத்து, இடம் போதவில்லை, இன்னும் தோண்டு என்று சொல்லலாம். கோபித்துக்கொள்வதுதான் குற்றம். மக்காமேயும் ஸைத்தூனியும் இந்த உரிமையை ஒரு நாளும் வீணாக்கியதில்லை. அவள் வருவாள், குவியலின் மேல் மீனைக் கழுத்துக்குப் பின்னால் கட்டைவிரலால் அழுத்துவாள், மூக்கைச் சுளிப்பாள்.

"இது செத்து ரெண்டு நாளாச்சு."

"ரெண்டு நாள் முன்னாடி செத்திருந்தா, இப்ப என் கைய எப்படிக் கடிச்சுது?"

"உன் கைய யாரு கடிக்கல மச்சான். உன் பொண்டாட்டியே கடிக்கிறதா ஊர்ல பேச்சு."

இதெல்லாம் முடிந்துதான் விலை ஆரம்பிக்கும். வாங்க வந்தவர்கள் எல்லாருமே மீனைப் பிணம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஸைத்தூனி சொல்லும்போது கேட்பவர்களுக்கே நாற்றம் அடிக்கும். அவள் குரலில் அப்படி ஒரு துக்கம் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் வழக்கத்துக்கு மாறாகக் காலையிலேயே வந்தாள். இரண்டு மாசத்துக்குப் பிறகு எண்ணெய் கிடைத்திருந்தது. மறுநாள் பள்ளிவாசலில் மவ்லூது விருந்து, அறுபது தட்டுக்கு மீன் பொரித்துத் தரும் வேலை அவளுக்கு வந்திருந்தது. பத்துக் குவியல் வேண்டும், அதுவும் நல்ல மீன். கையில் இருந்ததோ அஸர் விலைக்கான பணம். வெயில் இன்னும் அவள் பக்கம் வரவில்லை. முதல் குவியலை அழுத்தி "செத்து ரெண்டு நாளாச்சு" என்று சொல்லி வாயை மூடுவதற்குள், மேலே கிடந்த மீன் அவள் கட்டைவிரலை வாலால் பளாரென்று அடித்தது. கரையே சிரித்தது. முஹேஸா சந்தைக்குப் போகும் சைக்கிள்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மக்காமே கைத்தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, பாசத்தோடு சொன்னான்.

"மாமன் மகளே, இருபத்திரண்டு வருஷமா என் மீனயெல்லாம் பொணம்னே சொல்லிட்டு வர்றே. இன்னிக்கு ஒரே ஒரு தடவ, உன் வாயால, இது உசுரோட இருக்குன்னு சொல்லு. பத்துக் குவியலயும் நீ சொல்ற வெலைக்கு எடுத்துக்கோ."

சிரிப்பு நின்றது. கேட்டவர்களுக்கு முதுகில் சில்லென்று ஓடியதாகப் பிற்பாடு சொன்னார்கள், பிற்பாடு எல்லாரும் எல்லாம் சொல்வார்கள். வாங்க வந்தவர் சரக்கைப் புகழ்வது என்பது அந்தக் கரையில் நடந்திராத காரியம். ஸைத்தூனி நடையைக் கட்டியிருக்க வேண்டும். ஆனால் அறுபது தட்டு கண்முன்னே நின்றது, கட்டைவிரல் வேறு வலித்தது.

"சரி. உசுரோடதான் இருக்கு," என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்பது பெரிய வியாபாரிகளின் கருத்து. அவள் நிறுத்தவில்லை. சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தை சொல்லச் சொல்ல இனித்திருக்க வேண்டும். "இப்படி உசுரான மீன நான் பாத்ததே இல்ல. இதுக்குச் சாவே கெடயாது போல."

மக்காமே பேச்சு மாறவில்லை. பத்துக் குவியலும் ஆறு ஆறு ஷில்லிங்குக்கு அவளுக்கே வந்தது. அடுப்படிக்குக் கொண்டுவந்து வயிற்றைக் கீறி, குடலெடுத்து, உப்பும் மிளகாயும் எலுமிச்சையும் தடவி வைத்தாள். தடவும்போதே மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. சூடு என்று நினைத்தாள். கடாயில் எண்ணெய் புகைந்ததும் முதல் மீனைப் போட்டாள். அது ஒரு பக்கம் சிவந்ததும், சட்டுவம் படாமல், தானே திரும்பி மறுபக்கம் படுத்தது.

ஸைத்தூனி சட்டுவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் கருகும் வாசனை வந்த பிறகுதான் பக்கத்து அடுப்புக்காரி அவளைத் தொட்டு உலுக்கினாள். அதற்குள் மரத்தடியின் ஏழு கடாய்களிலும் இதே காரியம் நடந்து, ஏழு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க அஞ்சி, மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்டிய தலை வாயைத் திறந்தது. வெட்டிய வால் அடித்தது. மாலையில் சைக்கிள்காரர்கள் முஹேஸாவிலிருந்து கூடை குறையாமல் திரும்பினார்கள். நாற்பது கிலோமீட்டர் மேட்டு வெயிலில் போய் இறங்கிய மீன் சந்தைப் பெண்களை ஏறிட்டுப் பார்த்ததாம். ஒருத்தி மயங்கி விழுந்ததில் அவள் புருஷன் சைக்கிளின் காற்றைப் பிடுங்கிவிட்டான். மறுநாள் மவ்லூதில் யாரோ துணிந்து ஒரு தட்டில் வைத்தார்கள். பெரியவர் ஒருவர் பிஸ்மில்லாஹ் என்று வாயைத் திறந்தார், தட்டில் இருந்த மீனும் கூடவே வாயைத் திறந்தது. இமாமைக் கேட்டார்கள். கடலில் செத்தது நமக்கு ஆகும் என்றுதான் தாம் ஓதியிருப்பதாகவும், சாகாததைப் பற்றி ஓதியதில்லை என்றும், பெரிய கித்தாபைப் பார்க்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். சொல்லிவிட்டு உகாலிக் களியையும் கீரையையும் மட்டும் சாப்பிட்டார். மற்றவர்களும் அப்படியே.

முதல் நாள் சந்தோஷப்பட்டவன் மக்காமே ஒருவன்தான். சாகாத மீன் கெடாது, கெடாத மீன் விலை இறங்காது. பதினெட்டு, இருபத்தைந்து, நாற்பது என்று ஏற்றிக்கொண்டே போனான், புதன்கிழமை நடுப்பகலில் குவியல் தொண்ணூறில் நின்றது. அங்கேயே நின்றது. இன்றே விற்றாக வேண்டும் என்று எவனுக்கும் இல்லை, ஆகவே இன்றே வாங்கியாக வேண்டும் என்றும் எவனுக்கும் இல்லை. வியாழக்கிழமை காலை ஏல வட்டத்தில் ஒரு குரலும் எழவில்லை. வியாபாரிகள் குவியல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள், குவியல்கள் வியாபாரிகளைப் பார்த்தபடி கிடந்தன. நகுதா ஃபாக்கி தோணியைக் கடலுக்குள் தள்ளவே இல்லை. பிடித்ததே சாகவில்லை, இன்னும் எதற்குப் பிடிப்பது என்றான். மற்ற அடுப்புக்காரிகள் கையிலிருந்ததைக் கொடுத்துப் பாறை மீன் ஒன்றிரண்டு வாங்கிப் பொரித்து, அடுப்பைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஸைத்தூனியின் பணம் முழுக்க அந்த இருநூறு அயிலையில் இருந்தது. சாகாத மீன் பொரிந்ததாகக் கணக்கில் சேராது. மனாயிதி செவ்வாய்க்கிழமை மாலை ஒரு கல்லைக் கொண்டுவந்து ஸைத்தூனியின் அடுப்போரமாக வைத்தாள், புதன் மாலை இரண்டாவதை. மூன்றாவது கல் மடியில் இருந்தது. அன்று அஸருக்கு அது இறங்கிவிடும்.

ஸைத்தூனி சும்மா இருந்துவிடவில்லை. புதன்கிழமை விடியற்காலையில் கரைக்குப் போய், குவியல்களின் நடுவே நின்று, "செத்துப்போச்சு" என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு உரக்கச் சொன்னாள். கேட்கிறவர்களுக்கு நாற்றம் அடிக்கும் அந்தப் பழைய துக்கத்தையும் குரலில் கொண்டுவந்தாள். மீன்கள் மசியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கரையில் கேட்ட வார்த்தை, அதற்கு என்ன மதிப்பு என்று அவற்றுக்குத் தெரியும். மற்ற வார்த்தை, ஒரே ஒரு முறை சொன்ன அந்த வார்த்தைதான், மதிப்போடு நின்றது. "நீதானே ஏத்திவிட்டே, நீயே எறக்கு" என்றார்கள் சைக்கிள்காரர்கள். அவளைப் பார்த்ததும் குவியல் குவியலாகக் கண்கள் திரும்பியதைக் கண்டு, அதற்குமேல் அவர்களும் பேசவில்லை. அவள் வீட்டுக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை நடுப்பகலில் லுஹர் தொழுத பிறகு, சைக்கிள்காரர்கள் சொன்ன ஒரு சொல் அவளுக்குள் பிடித்துக்கொண்டது. இறக்கு. ஏறிய விலையை எவளாவது ஒரே சொல்லில் தரைக்கு இறக்கியிருக்கிறாளா? படி படியாக அல்லவா இறக்க வேண்டும். கூடையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள். ஆறிக்கிடந்த அடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கீறி, உப்பிட்டு, மூன்று நாளான ஒரு மீனை எடுத்துப் பலகையில் வைத்தாள். அது வாயைத் திறந்து மூடியது. ஊர் மெல்ல மெல்ல வந்து சுற்றி நின்றது.

"பேசுவோமா?" என்றாள். "நீ முந்தாநேத்து மாதிரி இன்னிக்கு இல்ல."

மீன் வாலால் பலகையை ஓங்கி அடித்தது.

"அடிச்சா மட்டும் ஆச்சா? செவுளப் பாரு, வெளுத்துப்போச்சு. வயித்துல ஒண்ணுமில்ல, நானே எடுத்துப் பூனைக்குப் போட்டுட்டேன். இத முழு உசுருன்னு எந்தச் சந்தைல எடுப்பாங்க?"

மக்காமேயால் பொறுக்க முடியவில்லை. தொழில் புத்தி. "முழு உசுருதான். வால் அடிக்குது, வாய் தொறக்குது, கண்ணு உன்னயே பாக்குது. இதுக்குக் கொறச்சுப் பேசுறவ மீன் வாங்கவே வரக் கூடாது."

"நீ வாய மூடு மச்சான். உன் பேச்சக் கேட்டுத்தான் இந்தக் கதி. முக்கால்னு வச்சுக்குவோம்." மீனின் வால் மறுபடி அடித்தது, ஆனால் மெதுவாக. பக்கத்து அடுப்புக்காரி மூச்சை இழுத்தாள். "முக்காலும் அதிகம். கடல்ல ஓடிட்டிருந்தப்ப உனக்குப் பின்னால எத்தன ஆயிரம் பேரு? இப்ப தனியாளு. தனியாளுக்கு அரைதான்."

அரையில் வந்து நின்றுவிட்டது. வால் அடங்கியது, வாய் அடங்கவில்லை, கண் அவளை விட்டு நகரவில்லை. அரைக்காலுக்குக் கேட்டாள், கேட்டதாகவே அது காட்டிக்கொள்ளவில்லை. மரத்தின் நிழல் மனாயிதியின் முழங்காலைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஸைத்தூனி எழுந்தாள். காங்காவில் ஒட்டிய மணலைத் தட்டினாள். எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்கிற மாதிரி கையை விரித்துவிட்டு, கரையோடு நடக்க ஆரம்பித்தாள். அந்த நடையை அங்கே தெரியாதவர்கள் இல்லை. பத்தடிக்குள் கூப்பிட்டால் விற்கிறவன் பசித்தவன். இருபதடியில் கூப்பிட்டால் நியாயஸ்தன். கவிழ்த்துப்போட்ட தோணியைத் தாண்டிய பிறகும் கூப்பிடவில்லை என்றால் பேரம் முறிந்தது என்று அர்த்தம், திரும்பினால் மானம் போகும். பத்தடி போனாள். இருபதடி போனாள். மக்காமே கூப்பிட வாயைத் திறந்தான், எவனோ அவன் வாயைப் பொத்தினான். அவள் கால் தோணியின் மூக்கைத் தாண்டப் போகும்போது, பின்னால் பலகையில் ஒரு அடி கேட்டது. முதல் அடிக்கு யாரும் திரும்புவதில்லை, அவளும் திரும்பவில்லை. இரண்டாவதற்கும் திரும்பவில்லை. மூன்றாவதற்குத் திரும்பி, நின்ற இடத்திலிருந்தே, "என்ன?" என்றாள்.

வந்து உட்கார்ந்தாள். அரைக்கால் என்றாள், மீன் மறுக்கவில்லை. ஆனால் வாயை இன்னும் திறந்தபடி வைத்திருந்தது, ஏதோ கைக்கு வர வேண்டியதற்காக. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவ்வளவு நேரம் அது எவ்வளவு கொடுக்கும் என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறாள். தான் என்ன கொடுப்பது என்று பேச்சே எடுக்கவில்லை. மடியைத் தடவிப் பார்த்தாள், ஒரு ஷில்லிங்கும் இல்லை. இருந்தாலும் மீனுக்கு எதற்கு ஷில்லிங். அவளிடம் முதல் என்று இருந்தது ஒரே ஒரு வாக்கியம். இருபத்திரண்டு வருஷம் அவளுக்குச் சோறு போட்ட வாக்கியம்.

"என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு," என்றாள். "இனிமே உங்க சாதில ஒருத்தரயும், சாகுறதுக்கு முந்தியே செத்துச்சுன்னு சொல்ல மாட்டேன். வெல போனாலும் சரி, பொழப்பு போனாலும் சரி. அல்லா மேல ஆணை."

"இவ கெட்டா" என்றான் மக்காமே, கைத்தடி கீழே விழுந்தது தெரியாமல். நின்ற வியாபாரிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி தன் கையைத் தானே வெட்டிப் பலகையில் வைப்பதைப் பார்த்தால் அப்படித்தான் குனிய வேண்டியிருக்கும்.

அவள் குனிந்து, மீனின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, கடைசி விலையைச் சொன்னாள். "நீ உசுரோட இருந்தே. நான் பாத்தேன்."

மீன் வாயை மூடியது. கூடையில் இருந்த மற்றவையும் மூடின. பிறகு கரையில் கிடந்த குவியல்கள், சைக்கிள் கூடைகள், தோணியின் அடியில் தப்பிக் கிடந்தவை என்று வரிசையாக மூடிக்கொண்டே போக, பெய்துகொண்டிருந்த மழை ஓய்கிற மாதிரி ஒரு சத்தம் கரை நெடுகிலும் போய் அடங்கியது. மூன்று நாளாக அந்த மழை பெய்துகொண்டிருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. முதலில் அசைந்தவள் மனாயிதி. தன் இரண்டு கற்களையும் எடுத்து மூன்றாவதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, ஸைத்தூனியின் அடுப்பில் தானே குனிந்து ஊதி நெருப்புப் பிடிக்கவைத்தாள். அஸர் பாங்கு சொல்லும்போது கடாயில் மீன் ஒரு பக்கம் சிவந்து, திருப்புவதற்குச் சட்டுவத்தை எதிர்பார்த்துக் கிடந்தது.

அதற்குப் பிறகு கிசிவானி அயிலை தானாகச் செத்ததில்லை. ஒவ்வொரு நாளும் தோணி வந்ததும் ஸைத்தூனி போய் முதல் மீனின் முன்னால் குனிந்து அந்தக் கடைசி விலையைச் சொல்ல வேண்டும், சொன்னதும் வலையில் வந்த மொத்தப் பாடும் வாயை மூடும். அதற்கு அவளுக்கு ஒரு குவியல். வாய்க்குவியல் என்று அதற்குப் பேர் விழுந்தது. பொய் சொல்லிப் பேரம் பேச முடியாத குறையை அந்தக் குவியல் ஏறக்குறைய ஈடுகட்டியது. அவளுக்குக் காய்ச்சல் கண்ட நாட்களில் கூடைகளைக் கட்டிலருகே கொண்டுவந்து காட்டிப் போனார்கள். ஆறு வருஷத்தில் பக்கத்து அடுப்பு மனாயிதிக்குக் கிடைத்தது. தோணிகளுக்கு இயந்திரம் வந்தது, தாங்காவிலிருந்து ஐஸ் லாரி வந்தது, மீன் சிறுத்தது. மீன்துறை அதிகாரி ஒருவர் வந்து பார்த்து, ஒரு வாரம் தங்கி, நோட்டுப் புத்தகத்தை எழுதாமலே மூடிக்கொண்டு போனார். மக்காமேயின் பற்கள் ஒவ்வொன்றாக விழுந்தன, ஒவ்வொன்றையும் ஸைத்தூனி ஏலம் போட்டாள்.

நீண்ட மழைக்காலம் பிந்திப்போன ஒரு வருஷம், ஒரு திங்கட்கிழமை, அவளே விழுந்தாள். மருத்துவமனை நர்ஸ் வந்து மூக்கருகே கண்ணாடியை வைத்துப் பார்த்து, நாடியைப் பிடித்துப் பார்த்து, இறந்துவிட்டதாகக் காகிதம் எழுதிக் கொடுத்தாள். எழுதும்போதே ஸைத்தூனி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. கபன் துணி வாங்கியாயிற்று, குழி தோண்டியாயிற்று, கண் திறந்திருக்கிறவளை எப்படி எடுத்துப்போவது? செவ்வாய் போயிற்று, புதன் வந்தது. கரையில் இரண்டு நாள் பாடு சாகாமல் கிடந்தது. ஸைத்தூனிக்கு எல்லாம் கேட்டது. அடுப்பு ஆறியது கேட்டது, மனாயிதியின் மருமகள் இரண்டாவது கல்லை வைத்தது கேட்டது. வலி இல்லை, மூச்சும் இல்லை, நிற்கத் தெரியாத ஒன்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. யாராவது வந்து தன் முகத்துக்கு நேராகக் குனிந்து அதைச் சொன்னால் வாயை மூடிக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். சொல்லும் முறை உள்ளவன் கேலி முறைக்காரன் ஒருவன்தான். மனாயிதியே போய் அவனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். வழியில் சொல்ல வேண்டியதை இரண்டு முறை சொல்லிக்கொடுத்தாள், கிழவன் இரண்டு முறையும் தலையாட்டினான்.

மக்காமே கட்டிலருகே உட்கார்ந்தான். அறை நிறைய ஆட்கள். கையை நீட்டி, அவள் கழுத்துக்குப் பின்னால் கட்டைவிரலால் அழுத்தினான். மூக்கைச் சுளித்தான்.

"இது செத்து ரெண்டு நாளாச்சு."

பளாரென்று அவன் கையில் ஓர் அடி விழுந்தது.

"ரெண்டு நாள் முன்னாடி செத்திருந்தா," என்றாள் ஸைத்தூனி, எழுந்து உட்கார்ந்து, "இப்ப உன் கைய எப்படி அடிச்சேன்? பொய் பேசுறதுக்கும் ஒரு வயசு வேணாமா மச்சான். இன்னிக்கு எத்தனாவது நாளு?"

மூன்றாவது நாள் என்றார்கள். கபன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குப் போய், குவியல்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அஸருக்கு முன்னால் அடுப்பு மூட்டினாள். நர்ஸ் எழுதிய காகிதம் பற்றவைக்க உதவியது. சொல்லிக்கொடுத்ததை ஏன் சொல்லவில்லை என்று மனாயிதி கிழவனைப் பிடித்து உலுக்கினாள். அவன் கையைத் தேய்த்துக்கொண்டே, "சரக்கு நல்லா இருந்துச்சு," என்றான். "வாங்க வந்தவன் புகழக் கூடாது."

அடுத்த வருஷம் மக்காமே போய்ச் சேர்ந்தான். அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து சொல்ல வேண்டியதை ஸைத்தூனிதான் சொன்னாள், உடனே வாயை மூடிக்கொண்டான். பேரம் பேசவே இல்லை, அது மட்டும் அவளுக்கு இன்றுவரை குறை. அவளிடம் அதைச் சொல்லும் முறை உள்ளவர்கள் இப்போது ஊரில் யாரும் இல்லை. அதனால் கடலைப் பார்த்த அந்த அடுப்பில் அவள் இன்னும் பொரித்துக்கொண்டிருக்கிறாள். மூன்று மீன் ஆயிரம் ஷில்லிங், மரவள்ளி தனி.